அழுகைப் படத்துக்கு லைட்டு லேட்டு

எங்கள் மேனேஜர் ஷெரீப் பாய் கரண்ட்டு பில்லுக்குப் பயந்தவர் என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் அதைப் பிரசங்கம் பண்ணினேன். "எங்க பாய் கீறாரே, படம் முடிஞ்சாலும் லைட்டப் போட மாட்டாரு. ஜனம் இருட்டுல தடவிகினு போவும். மீட்டர் சுத்துனா அவருக்குத் தலை சுத்தும்" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது போதும்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. சண்டைப் படம் முடிந்தால் பாய் உடனே லைட்டைப் போடுவார். காமெடிப் படம் என்றால் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும் முன்பே போடுவார். அழுகைப் படத்துக்கு மட்டும்தான் லேட்டு. பில்லுக்குப் பயந்தவன் எல்லாப் படத்துக்கும்தானே பயப்பட வேண்டும்? இந்த எளிய கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை. அப்படியெல்லாம் உதிக்கிற மண்டையாக இருந்தால் நான் ஏன் தியேட்டருக்கு வேலைக்குப் போகிறேன்?

இப்போது இதை எழுதக் காரணம் நிவேதா. பொத்தேரிப் பக்கம் எம்.பி.ஏ. படித்துவிட்டு, நான் ரிட்டயர் ஆன நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கும் பெண். என் நாற்காலியை மாற்றிவிட்டார், முதுகுக்கு நல்லது. போன வாரம் போன் பண்ணினார்.

"சார், பழைய குடும்பப் படம் ஒண்ணு ரீ-ரிலீஸ் பண்ணியிருக்கோம். ஹவுஸ்ஃபுல். ஃபோன்லயே சும்மா கிடைக்கிற படம் சார். எதுக்கு வர்றாங்கன்னே புரியல."

"வந்தா நல்லதுதானேம்மா?"

"வந்துட்டு ரிவ்யூல திட்டுறாங்க சார். படம் சூப்பர், சவுண்டு சூப்பர், லைட்டு மட்டும் மோசம்னு. கதை முடிஞ்சதும் தானா எரியற மாதிரி ஆட்டோமேட்டிக் பண்ணியிருக்கோம். காஸ்ட்லி லைட்டு சார். அதுல என்ன தப்பு?"

ஞாயிற்றுக்கிழமை வந்து புது ஸ்டாஃபுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார். பேசினால் நடுவில் கேண்டீன் சமோசா வரும். எனக்குப் பேச்சு நின்றுவிடும். எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

நான் கடப்பாக்கத்துக்காரன். கடலோரத்தில் பிறந்து, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன். அப்பா இரண்டு முறை என்னைக் கடலுக்குக் கூட்டிப்போய், மூன்றாம் முறை மீன் வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அனுப்பிவிட்டார். சைக்கிள் ஸ்டாண்டு, டார்ச்சு, டிக்கெட் கிழிப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது என்று எல்லாம் பார்த்து அசிஸ்டென்ட் மேனேஜர் ஆனேன். இந்த ஒரு வரிக்குள் என் வாலிபம் முழுக்க அடங்கிவிட்டது. வருத்தம் ஒன்றுமில்லை, பெரும்பகுதி சைக்கிள் ஸ்டாண்டு.

ஷெரீப் பாய் படம் பார்க்க மாட்டார். வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, சட்டைக் காலரில் கர்ச்சீப்பைச் சொருகிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து நாம் பீடி பற்ற வைத்தால், கண்ணைத் திறக்காமலே, "கஜா, வெளிய போய் இயு" என்பார்.

அழுகைப் படம் முடியும்போது அவர் செய்வது ஒரு சடங்கு மாதிரி இருக்கும். முதலில் கதவுத் திரைச்சீலையை மட்டும் ஒதுக்குவார். கதவைத் திறக்க மாட்டார். பெயர்கள் ஓடும். பிறகு ஒரு கதவு. அதன் பிறகு பின்வரிசைக்கு மேலே இருக்கும் இரண்டு மஞ்சள் பல்பு. கும்பலின் முன்பாதி வராந்தாவுக்கு வந்த பிறகுதான் உள்ளே ட்யூப் லைட்டு. வராந்தாவில் ஓர் அண்டா நிறையத் தண்ணீரும் டம்ளர்களும் இருக்கும். பாய் ஜனத்துக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்களையும் பார்க்க விட மாட்டார். "வர்றவன் மூஞ்சப் பாக்காத. செவுத்தப் பாரு."

"ஃபியூஸ் நல்லாத்தான கீது பாய்?"

"பேஜாரு பண்ணாத. செவுத்தப் பாரு."

கஞ்சன், ஃபியூஸ் போய்விடுமோ என்று கூடப் பயப்படுகிறான் என்று அதையும் டீக்கடைக் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் எனக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. ஆம்பளை தியேட்டருக்கு வருவது சண்டைக்கும் பாட்டுக்கும்; அழுகை சீன் லேடீஸுக்காகப் போடுவது. கேண்டீன் சேகர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் படம் தெரியாது, ஆனால் எந்த சீனுக்கு எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்று தெரியும். அதை வைத்துத்தான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவான்.

"அண்ணாத்த, பாட்டு வந்தா பாதி தியேட்டர் வெளிய. சண்டைக்குக் கூட நாலு பேரு ஒண்ணுக்குப் போவான். பேய்ப் படத்துல பேய் வர்றப்ப வந்து பஜ்ஜி கேட்டவன் கீறான். ஆனா அம்மா ஆஸ்பத்திரில படுத்துட்டா ஒருத்தன் வர மாட்டான். என் பஜ்ஜி ஊறிப் போவும்."

"அது குடும்பப் படத்துலடா."

"எல்லாப் படத்துலயும் அண்ணாத்த. போலீஸ் படம், பேய்ப் படம், இன்னா எழவு படமா இருந்தாலும் அப்டி ஒரு எடம் கீது. எங்கப்பா இதே கேண்டீன வச்சிருந்தப்பவும் பஜ்ஜி ஊறிச்சு."

நான் சிரித்தேன். பஜ்ஜி போடுகிறவன் சொல்லும் சினிமா விமர்சனம் என்று நினைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பாயின் தங்கை மகளுக்கு மேல்விஷாரத்தில் நிக்காஹ். அவர் லீவில் போனார். முதல் முறையாக தியேட்டர் என் கையில். போகும்போது, "டீசல் பாத்துக்க. லைட்டு விசயம் தெரியுமில்ல?" என்றார். "தெரியும் பாய்" என்றேன். எனக்குத் தெரிந்தது கரண்ட்டு பில்.

ஓடிக்கொண்டிருந்தது ஒரு அப்பன்-மகன் படம். அப்பன் மகனை வீட்டை விட்டு விரட்டிவிடுகிறான். மகன் தினமும் போன் பண்ணுகிறான். அப்பன் எடுக்கிறான், பேசுவதில்லை. மகன் "அப்பா, அப்பா" என்பதை மட்டும் காதில் வாங்கிவிட்டு வைத்துவிடுகிறான். எனக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். தியேட்டர்காரன் எவனும் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஏசி பார்க்கப் போகும்போது கண்ணில் படுவது, இடைவேளைக்கு முன்னால் கொஞ்சம், கதவு திறக்கும்போது கடைசிக் கொஞ்சம். ஆயிரம் படத்தின் வால் எனக்குத் தெரியும். தலை தெரியாது.

மேட்னி ஷோவுக்கு லாரி மாணிக்கம் வந்தார். ஐந்து லாரி, ஒரு மீசை, ஊரில் எல்லாரும் ஒதுங்கிப் போகிற குரல். ஒருமுறை டிக்கெட் இல்லை என்று சொன்ன எங்கள் ஆளை, அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் நிறுத்தம் நிறுத்தமாக நின்று திட்டியவர். அவர் தனியாகக் குடும்பப் படத்துக்கு வந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏசி நின்றால் என்னைத்தான் நிறுத்துவார் என்று ஏசியைப் பார்க்க உள்ளே போனேன்.

பார்த்தால், மாணிக்கம் முன்சீட்டில் தலையை முட்டுக் கொடுத்துக் கிடக்கிறார். தோள் குலுங்குகிறது. ஒரு கை நெஞ்சில் சட்டையைப் பிடித்திருக்கிறது. தொண்டையிலிருந்து, லாரி கியர் விழாமல் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் ஆபீஸ் சுவரில் முதலுதவிப் படம் ஒன்று உண்டு. அதில் இருக்கிற ஆள் அச்சாக இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

ஹார்ட் அட்டாக். என் முதல் நாள். ஐந்து லாரி.

அப்புறம் நான் செய்தது எதற்கும் மூளையைக் குற்றம் சொல்ல முடியாது, அது அங்கே இல்லை. ஓடினேன். படியில் ஒரு செருப்பு போனது. ஆபரேட்டர் ரூமில் பாபுவைப் பார்த்து, "நிறுத்துடா! எல்லா லைட்டயும் போடுடா!" என்று கத்தினேன். பாபு மிரண்டுபோய் எல்லாவற்றையும் போட்டான். 108-க்கு போன் பண்ணினேன். பிறகு, வண்டி நம்பர் சொல்லி நகர்த்தச் சொல்கிற மைக்கை எடுத்து, "யாரும் பயப்பட வேண்டாம்" என்றேன், உலகத்திலேயே மிகப் பயந்துபோன குரலில். "டாக்டர் யாராச்சும் இருந்தா உடனே வாங்க!"

திரும்பி ஹாலைப் பார்த்தேன்.

குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைப் பிடுங்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மொத்த தியேட்டரும் அழுதுகொண்டிருந்தது. டவுன் ஸ்டேஷன் ஏட்டையா மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தபடி உறைந்துவிட்டார். உடற்பயிற்சி பண்ணும் பையன்கள் நாலு பேர் ஒரே துண்டின் நாலு முனையில் இருந்தார்கள். கணக்கு டியூஷன் மாஸ்டர் தன்னிடம் படிக்கிறவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். லேடீஸ்தான் கொஞ்சம் தெளிவாக இருந்தார்கள்.

ஒல்லியாக ஒருவர் ஓடி வந்தார். "நான் டாக்டர். ஆனா மாட்டு டாக்டர்." அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

மாணிக்கம் தலையைத் தூக்கினார். மீசை நனைந்து இரண்டு பக்கமும் தொங்கியது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. முன்னாலிருந்து எவனோ, "டேய், மாணிக்கண்ணன் அழுவுறார்ரா!" என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஐந்து லாரியும் ஒன்றன் பின் ஒன்றாக என் மேல் ஏறி இறங்கின.

காப்பாற்றியது மாட்டு டாக்டர்தான். மாணிக்கத்தின் மணிக்கட்டைப் பிடித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "நெஞ்சு வலி வந்தா கண்ணுல தண்ணி வரும். அசையாதீங்க. வலிக்குதில்ல?" என்றார்.

மாணிக்கம் அவரைப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். மெதுவாகச் சாய்ந்து படுத்தார்.

"ஆமா சார். ரொம்ப வலிக்குது."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸில் கூட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மாணிக்கம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எனவே அந்த ஆள் நான்தான். வெளியே போகும்போது பாபுவைப் பார்த்து, "படத்தப் போடு" என்று மட்டும் சொன்னேன்.

வண்டி கிளம்பியது. உள்ளே இருந்த நர்ஸ் பெண் என்னென்னவோ மாட்டினாள். மாணிக்கம் கண்ணை மூடியபடி மெதுவாகக் கேட்டார்.

"யோவ். அப்பறம் இன்னா ஆச்சு?"

"எதுண்ணே?"

"படம்யா. போனு அடிச்சிகினே இருந்துச்சே. அந்தக் கெயவன் பேசுனானா இல்லியா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பிடி இறுகியது. என் கை நீலமாகிக்கொண்டிருந்தது. எனவே சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஆயிரம் வால்களிலிருந்து ஒரு வாலை ஒட்டவைத்தேன். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் தங்கச்சி வீட்டு வாசலில் அண்ணன் நிற்பான். கலர் படத்தில் அதே வாசல், அம்மா நிற்பாள். போலீஸ் படத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நிற்பார். பேய்ப் படத்தில் செத்துப்போனவளே வந்து, பிள்ளை சாப்பிடுகிறதா என்று கதவிடுக்கில் பார்ப்பாள். அந்த வண்டியில்தான் எனக்கு உறைத்தது, எல்லாப் படத்துக் கடைசியிலும் ஒரு கதவு இருக்கிறது. நேரம் கழித்து யாரோ ஒருவர் வந்து அதன் முன்னால் நிற்கிறார். சேகரின் பஜ்ஜி ஊறுவது அந்தக் கதவுக்காகத்தான்.

"கெயவன் பேசல அண்ணே. போனை வச்சிட்டு எய்ந்தான். சட்டைய மாட்டினான். பஸ் ஏறிட்டான்."

"பஸ்லயா?"

"பஸ்லதான். அவனாண்ட காரு கீது, இருந்தாலும் பஸ்லதான் போறான். மவன் வூட்டாண்ட எறங்கி, கதவு முன்னாடி நிக்கறான்..."

மாணிக்கம் மறுபடி குலுங்க ஆரம்பித்தார். நர்ஸ் பதறி ஆக்சிஜனை எடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைவிட மோசமாக அழுதுகொண்டிருந்தேன். நானே கட்டிய கதை. பாட்டு இல்லை, மழை இல்லை, வெளியே சைரன்தான் மியூசிக். "யாருங்க பேஷன்ட்டு?" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் லாரி இன்ஜின் மாதிரி இருந்தது. டாக்டர், "வெறும் கேஸ் டிரபிள்தான். நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். வாசலில் டீ வாங்கிக் கொடுத்தேன். எப்போது அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் டீயைக் குடிக்கவில்லை.

"என் பையன் பார்த்தி கோவளத்துல கீறான். வேதக்காரப் பொண்ண சர்ச்சுல கட்டிகினான். போட்டுத் தள்ளுவேன்னு சொல்லி அனுப்புனேன். இப்பவும் போன் பண்றான். நான் எடுப்பேன். பேச மாட்டேன்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வா" என்றார். "கோவளம் போலாம்."

"நான் எதுக்குண்ணே?"

"நீதான சொன்ன."

பெட்டிக்கடை ஓரமாக ஒதுங்கிப் பாபுவுக்கு போன் போட்டேன். "டேய், படத்துல கடைசில இன்னாடா ஆவுது? கெயவன் மவன் வூட்டுக்குப் போறான்ல?"

"எங்கண்ணே போறான்? போனைக் காதுல வச்சிகினே செத்துருவான். மவன் லேட்டா வந்து, ரிசீவர எடுத்து மாட்டுவான். இப்பதான் முடியுது. ஜனம் கதறுதுண்ணே. லைட்டப் போட்டுடவா?"

"போடாத!" என்று கத்தினேன். பெட்டிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "மொதல்ல கதவு. அப்பறம் மஞ்சா பல்பு. அண்டால தண்ணி கீதான்னு பாரு. நீ செவுத்தப் பாத்துகினு நில்லு!"

ஐந்து லாரிக்காரர் பஸ்ஸில்தான் போவேன் என்று அடம் பிடித்தார். "அவன் பஸ்லதான போனான்?" திருப்போரூர் தாண்டும் வரை நான் தைரியம் சேர்த்தேன். மகன் கதவைச் சாத்தினால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைத்தேன். அதைவிட அதிகமாக, நான் என்ன ஆவேன் என்று நினைத்தேன்.

"அண்ணே, அந்தப் படத்துல உண்மையா இன்னான்னா..."

"ஷ்ஷ். கதையக் கெடுக்காத."

அப்போது ஷெரீப் பாய் போன் பண்ணினார். பின்னால் நிக்காஹ் வீட்டுச் சத்தம்.

"படத்த நிறுத்திட்டியாமே?"

"ஹார்ட் அட்டாக்குன்னு நெனச்சிட்டேன் பாய்."

"அது கெடக்கட்டும். லைட்டப் போட்டியாடா?"

"போட்டுட்டேன் பாய்."

பிரியாணி அண்டா சத்தத்தை விட்டுத் தள்ளிப் போனார். பிறகு சொன்னார்: "அழுவறதுக்குத்தான்டா டிக்கெட் எடுத்துகினு வர்றான். மாட்டிக்கறதுக்கா வர்றான்?" வைத்துவிட்டார்.

கோவளத்தில் இறங்கி, வலை காயப்போட்ட சந்துக்குள் விசாரித்துக்கொண்டு போனோம். நீலப் பெயின்ட் அடித்த கதவு. மாணிக்கம் அதன் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"கெயவன் தட்டுனானா?"

"தட்டுனான்."

"எத்தினி வாட்டி?"

"ஒரே வாட்டிதாண்ணே."

ஒரே முறை தட்டினார். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"யாரு வேணும்?"

"நான் பார்த்தியோட அப்பா."

மகன் வீட்டில் இல்லை, வேலைக்குப் போயிருந்தான். அவள் கதவை முழுக்கத் திறந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாணிக்கம் வாங்கிக் குடித்தார். முகத்திலிருந்து சொம்பை இறக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பக்கத்துச் சுவரில் கரண்ட்டு மீட்டர் இருந்தது. அவர் சொம்பை இறக்கும் வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.